சிரட்டையில் இருப்பது அவ்வளவுதான்: பின்சக்கர வண்டியோடு முதல் டிராக் நாள்

குலசேகரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், ரப்பர் ஷீட் காயப்போடும் கொட்டகையில், மூங்கில் கழிகளுக்குக் கீழே ஒரு பிஎம்டபிள்யூ இசட்4 நிற்கிறது. 2010 மாடல், செகண்ட் ஹேண்ட். முன்னால் 3 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின், 306 குதிரைத்திறன். அத்தனையும் போய்ச் சேருவது பின்சக்கரங்களுக்கு. வாங்கி வந்த அன்று அம்மா அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ரெண்டு பேருதானே இருக்க முடியும்? அப்போ நீயும் அப்பாவும் போனா, ஞாயித்துக்கிழம கோயிலுக்கு நான் பஸ்ஸுலயா வரணும்?” என்று கேட்டாள். அப்புறம், நான் சைக்கிள் ஓட்டப் பழகிய காலத்திலிருந்து சொல்லும் அதே வார்த்தை: “பைய போ மக்களே.”

போன மாசியில் இந்த வண்டியோடு கோயம்புத்தூர் போய் முதல் தடவையாக டிராக்கில் ஓட்டினேன். திரும்பி வந்ததும் தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் போன். “அண்ணே, நானும் போணும், என்னல்லாம் செய்யணும்?” ஒவ்வொருத்தருக்கும் ஒரு மணி நேரம் சொல்வதற்குப் பதில் ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நான் நிபுணன் இல்லை. ஒரே ஒரு நாள், ஐந்து செஷன், ஒரு தடவை வண்டி சுழன்று பின்பக்கமாகத் திரும்பி நின்றது. ஆனால் புதிதாகப் போகிறவனுக்கு என்னவெல்லாம் தெரியாது என்பது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

டிராக் நாளை ரேஸ் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். கப் கிடையாது, யாரும் முதலில் வரப்போவதில்லை. 15, 20 நிமிடச் செஷன்களாகப் பிரித்து, அனுபவத்துக்குத் தக்கபடி குழு பிரித்து விடுவார்கள். முந்துவது நேர்ச்சாலையில் மட்டும், அதுவும் முன்னால் போகிறவர் கையைக் காட்டி வழி விட்டால்தான். மற்றபடி உங்கள் வண்டி என்ன செய்யும், நீங்கள் என்ன செய்வீர்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு நாள். அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் பழைய டிராக்குகள் இரண்டு. இருங்காட்டுக்கோட்டையில் உள்ள சென்னை டிராக் 1990இல் வந்தது, 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். அதற்கு முன்னால் சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதையில்தான் ரேஸ் நடக்கும். கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே 2003இல் திறந்தது. சொந்தமாக ரேஸ் கார் கட்டி, இளம்பிள்ளைகளை அதில் உட்காரவைத்த எஸ். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் போய்விட்டார். அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். 2.1 கிலோமீட்டர், ஏறக்குறைய நம்ம மார்த்தாண்டம் மேம்பாலத்தின் நீளம். முதல் தடவைக்கு நான் கரியைத்தான் சொல்வேன். நேர்ச்சாலை சிறியது, பயப்படும் வேகம் வருவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். நமக்கும் போக வசதி. காவல்கிணறு ஏறினால் மதுரை, திண்டுக்கல், தாராபுரம் வழியாக 400 கிலோமீட்டருக்கு மேல். முந்தின நாளே போய்த் தூங்கிவிடுங்கள். விடிய விடிய ஓட்டிவிட்டு நேராக டிராக்கில் இறங்குவது புத்திசாலித்தனம் இல்லை.

ஊரிலேயே பழகிக்கொண்டு போகலாமே என்று கேட்ட தம்பிகளுக்கு: வேண்டாம். காவல்கிணறு நாலுவழிச் சாலையில் ராத்திரி பத்து மணிக்கு மேல் நடக்கும் கூத்தை நானும் பார்த்திருக்கிறேன். டிராக்கில் எதிரே வண்டி வராது, மாடு வராது, டியூஷன் முடிந்து சைக்கிளில் வரும் பிள்ளை வராது. பேச்சிப்பாறை ரோட்டிலும் முயற்சி செய்யாதீர்கள். மழை பெய்து ரப்பர் இலை ஒட்டிக்கிடக்கும் வளைவில் எந்தப் பின்சக்கர வண்டியும் பாம்பு மாதிரி நெளியும்.

வீட்டில் ஒளிக்காமல் சொல்லவேண்டிய இன்னொன்று: சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசியில் ரேஸ், வேகச் சோதனை இதற்கெல்லாம் வண்டியைப் பயன்படுத்தினால் செல்லாது என்று எழுதியிருக்கும். எடுத்துப் படித்துப் பாருங்கள். டிராக்கில் எது உடைந்தாலும் நம் பையிலிருந்துதான். எனக்கு அது நல்லதாகவே போயிற்று. அப்பாவிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்ற நினைப்பே பாதி பிரேக் போட்டது.

போவதற்கு முன்

பிரேக் ஆயில் மாற்றாமல் போகாதீர்கள். மற்ற எதை மறந்தாலும் பரவாயில்லை. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை, மீதி மாதம் கடல் காற்று என்று இருக்கும் நம்ம மாவட்டத்தில் அது எவ்வளவு ஈரத்தைக் குடிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. டாட் 4 தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது அளவு. ஈரம் ஏறிய பிறகு அதே ஆயிலுக்கு 155 டிகிரிதான் உத்தரவாதம். டிராக்கில் வளைவுக்கு வளைவு மிதித்து மிதித்து அந்தச் சூடு வந்துவிட்டால், ஆயிலுக்குள் ஆவிக் குமிழ் உண்டாகும். குமிழை அழுத்தலாம், அதனால் வண்டியை நிறுத்த முடியாது. பெடல் சோற்றில் மிதித்த மாதிரி உள்ளே போகும். என் மெக்கானிக் பழைய ஆயிலை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துக் காட்டினார். கருப்பட்டிக் காப்பி நிறம். அதை வைத்துக்கொண்டா இத்தனை நாள் அரல்வாய்மொழி இறக்கத்தில் இறங்கினேன் என்று வயிற்றைக் கலக்கியது. பிரேக் பேடு பாதிக்குக் கீழே தேய்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

அடுத்தது டயர். எங்கள் வீட்டில் சோறு போடுவது ரப்பர் என்பதால் இதில் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நாம் புகை போட்டுக் கட்டி அனுப்பும் ஆர்எஸ்எஸ் 4 தர ரப்பர் ஷீட்தான் காரின் டயர் என்று எங்கள் ஊரில் பலரும் நினைக்கிறார்கள். கார் டயரில் தரையைத் தொடும் பகுதி பெரும்பாலும் செயற்கை ரப்பர். நம் ரப்பர் பால் டயரின் பக்கச்சுவரிலும் உட்பகுதியிலும் லாரி டயரிலும்தான் அதிகம். எதுவானாலும் குணம் ஒன்று: விடியற்காலைக் குளிரில் விறைப்பு, சூடு ஏறினால் இளக்கம், அளவுக்கு மீறிச் சுட்டால் குழகுழப்பு. டயருக்கு ஒரு நல்ல சூடு உண்டு. அதற்குக் கீழேயும் பிடிக்காது, மேலேயும் பிடிக்காது. அதனால்தான் முதல் ரவுண்டைப் பைய ஓட்டச் சொல்கிறார்கள்.

காற்றழுத்தமும் சூட்டோடு ஏறும். கிட்டத்தட்ட ஐந்தரை டிகிரிக்கு ஒரு பிஎஸ்ஐ என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் 32 வைத்துக்கொண்டு இறங்கினேன். முதல் செஷன் முடிந்து வந்து உடனே அளந்தேன்: பின்னால் 38, முன் இடது 39, முன் வலது 37. டயர் தோளில், அதாவது ஓரத்தில், சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போயிருந்தேன். கோடு எவ்வளவு அழிந்திருக்கிறதோ அந்த அளவுக்கு டயர் சாய்ந்து ஓடியிருக்கிறது என்று அர்த்தம். சூடாக இருக்கும்போதே நாலையும் 35க்கு இறக்கினேன். அடுத்த செஷனில் வண்டி வேறு வண்டியாக இருந்தது. ஆகவே சொந்தமாக ஒரு நல்ல காற்றளவிக் கருவி வாங்கிக்கொள்ளுங்கள். பெட்ரோல் பங்க் மிஷினை நம்பாதீர்கள். வீல் போல்ட்டுகளையும் கையேட்டில் சொன்ன முறுக்குக்கு டார்க் ஸ்பேனரால் முறுக்கிப் பாருங்கள்.

மிச்சமெல்லாம் சில்லறை. முகம் முழுக்க மூடும் ஹெல்மெட். முழுக்கைப் பருத்திச் சட்டை, ஜீன்ஸ், அடி மெல்லிய ஷூ, செருப்பெல்லாம் கூடாது. முக்கால் டேங்குக்கு மேல் பெட்ரோல். தண்ணீர் இரண்டு லிட்டர். நான் ஒரு சீப்பு மட்டிப்பழமும் எடுத்துப் போனேன். டிராக்கில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஏறினால் மூன்றாவது வளைவில் பிரியாணிதான் ஓட்டும்.

வண்டியைக் காலி செய்யுங்கள். காலுக்குக் கீழ் விரிப்பு, டிக்கியில் கிடக்கும் ஜாக்கி, கதவுப் பெட்டியில் இருக்கும் தண்ணீர் பாட்டில், எல்லாம். பிரேக் பெடலுக்குக் கீழே ஒரு பாட்டில் உருண்டால் போதும், கதை முடிந்தது. என் சீட்டுக்கு அடியிலிருந்து வந்தவை: ஏத்தன் சிப்ஸ் பாக்கெட் ஒன்று, இரண்டு ரூபாய் நாணயங்கள், எப்போதோ தொலைந்துபோன ரப்பர் கத்தியின் உறை. கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பால் வாளியும் சிரட்டையும்

இனிமேல் சொல்வதுதான் பின்சக்கர வண்டிக்காரர்களுக்கு முக்கியம். மற்றதெல்லாம் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள்.

எங்கள் தோட்டம் மலைச்சரிவில் தட்டுத் தட்டாக இருக்கிறது. பால் வெட்டும் அண்ணன் நிறைந்த வாளியோடு இறங்கி வருவதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். அவர் மெதுவாக வருகிறவர் இல்லை. நாம் வெறுங்கையோடு ஓடினாலும் அவரைப் பிடிக்க முடியாது. ஆனால் சட்டென்று நிற்கமாட்டார், வெடுக்கென்று திரும்பமாட்டார். நிற்கவேண்டிய இடம் வருவதற்கு நாலு அடி முன்னாலேயே முழங்கால் மடங்கத் தொடங்கும். வாளியில் பால் ஒரு பக்கம் சாயும், ஆனால் தளும்பாது.

காரும் அந்த வாளிதான். பிரேக் மிதித்தால் எடை முன்னால் சாய்கிறது. முன் டயர்கள் தரையோடு அழுந்துகின்றன, பின் டயர்கள் இலேசாகின்றன. ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் எடை பின்னால் வருகிறது. திருப்பினால் வெளிப்பக்கம் போகிறது. எடை போகட்டும், தப்பில்லை. தளும்பக் கூடாது.

இனி சிரட்டை, ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டும் கொட்டாங்குச்சி. ஒரு டயர் தரையைத் தொடும் இடம் சுமார் ஓர் உள்ளங்கை. அதில் இருக்கும் பிடிமானத்தை ஒரு சிரட்டைப் பால் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரேக்குக்குக் கொஞ்சம் ஊற்றலாம், திருப்புவதற்குக் கொஞ்சம் ஊற்றலாம், இழுவைக்குக் கொஞ்சம் ஊற்றலாம். முழுதையும் பிரேக்குக்கு ஊற்றிவிட்டு அதே நேரத்தில் ஸ்டியரிங்கையும் திருப்பினால், திருப்புவதற்குச் சொட்டு மிச்சமில்லை. எடை கூடினால் சிரட்டை பெரிதாகும், எடை குறைந்தால் சிறிதாகும்.

நம்மில் முக்கால்வாசிப் பேர் ஓட்டிப் பழகியது ஸ்விஃப்ட் மாதிரி முன்சக்கர வண்டி. அதில் இழுப்பதும் திரும்புவதும் அதே முன் இரண்டு டயர். வளைவில் அதிகம் கொடுத்தால் மூக்கு வெளியே ஓடும். காலை எடுத்தால் மூக்கு உள்ளே வந்துவிடும். பத்து வருடம் அப்படி ஓட்டினால், பயம் வந்தவுடன் காலை எடுப்பது நம் கையெழுத்து மாதிரி ஆகிவிடுகிறது. பின்சக்கர வண்டியில் அந்தப் பழக்கம்தான் ஆளைக் கவிழ்க்கும். வளைவின் நடுவில் காலை வெடுக்கென்று எடுத்தால் எடை முன்னால் ஓடிவிடும். பின் டயரின் சிரட்டை சுருங்கும். போதாததற்கு எஞ்சின் தன் பங்குக்குப் பின்சக்கரங்களைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். மிச்சமிருந்ததில் அதுவும் கொஞ்சம் குடித்துவிடும். பின்பக்கம் விட்டுப்போகும்.

அதிகம் மிதித்தால் பின்பக்கம் வழுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் அதற்குப் பயப்படுவார்கள். பயந்து காலை எடுத்தாலும் வழுக்கும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

அதனால் செய்யவேண்டியது இது. பிரேக் முழுதையும் நேராக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். முதலில் அழுத்தமாக, பிறகு விரலுக்கு விரல் விடுவது போல் தளர்த்தி. வளைவுக்குள் நீங்கள் நினைப்பதைவிடக் கொஞ்சம் குறைந்த வேகத்தில் நுழையுங்கள். திருப்பியவுடன் ஆக்ஸிலரேட்டரை இலேசாகத் தொட்டுக்கொள்ளுங்கள்; வேகம் கூட்டுவதற்காக இல்லை, எடையைப் பின்னால் உட்கார வைப்பதற்காக. வளைவின் உள்முனையைத் தாமதமாகத் தொடுங்கள். அதைத் தாண்டி ஸ்டியரிங் நேராகிக்கொண்டே வரும்போது, எவ்வளவு நேராகிறதோ அவ்வளவு கால் இறங்கலாம். கை திருப்பிப் பிடித்திருக்கும்போது கால் இறங்கக் கூடாது. கையும் காலும் ஒரே சிரட்டையில் பங்கு கேட்கிறார்கள்.

வேகக் கணக்கு ஒன்றையும் நினைவில் வையுங்கள். வளைவில் தேவைப்படும் பிடிமானம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். 60இல் போன வளைவில் 66இல் போனால் வேகம் பத்து சதவீதம்தான் கூடியது. டயரிடம் கேட்டது 21 சதவீதம் அதிகம். “ஒரு ஆறு கிலோமீட்டர்தானே” என்று தோன்றும். டயருக்கு அப்படித் தோன்றாது.

கண்ணும் ஒரு வேலைக்காரன்தான். மூக்குக்கு முன்னால் பார்க்காதீர்கள். அடுத்து எங்கே போகவேண்டுமோ அங்கே பாருங்கள். பைக்கில் குழியையே பார்த்துக்கொண்டு போனால் குழியில்தான் விழுவோம் என்று தெரியும்தானே, அதேதான்.

அன்றைக்கு

காலை ஏழரைக்கே போய்விட்டேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு இது பருவமில்லை என்றார்கள், ஆனால் முப்பந்தல் காற்றாலைகள் இருக்கும் மாவட்டத்துக்காரனுக்குக் காற்று வந்தாலும் பயமில்லை. வண்டியைப் பார்ப்பார்கள்: பிரேக், டயர், ஆயில் ஒழுக்கு, பேட்டரி ஆடுகிறதா. அப்புறம் எல்லோரையும் நிற்கவைத்துக் கொடிகளைச் சொல்லிக்கொடுப்பார்கள். இதைக் காதில் வாங்காமல் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த இருவர் முதல் செஷனிலேயே கறுப்புக் கொடி பார்த்தார்கள். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, வேகம் குறை, முந்தாதே. சிவப்பு என்றால் செஷன் நின்றது, மெதுவாகப் பிட்டுக்கு, அதாவது டிராக் ஓரம் வண்டிகள் நிற்கும் இடத்துக்கு, வா. நீலம், பின்னால் வேகமான வண்டி. மஞ்சளில் சிவப்புக் கோடு, தரை வழுக்கும். கறுப்பு உங்களுக்கு என்றே காட்டினால் உள்ளே வாருங்கள், யாரோ உங்களோடு பேச வேண்டும்.

உட்காருவதைச் சரி செய்துகொள்ளுங்கள். தோள் சீட்டில் ஒட்டியிருக்கும்போதே மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படவேண்டும். பிரேக்கை முழுதாக மிதித்தாலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். கை ஒன்பதிலும் மூன்றிலும். நம் ஊரில் சீட்டைச் சாய்த்து ஒற்றைக் கையில் ஓட்டும் ஸ்டைல் மார்த்தாண்டம் ஜங்ஷனுக்குச் சரி.

இன்ஸ்ட்ரக்டர் கிடைத்தால் காசைப் பார்க்காதீர்கள். எனக்கு வந்தவர் கோயம்புத்தூர்க்காரர், ஐம்பது வயது இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, “ஏனுங்க, இதுக்கு முன்னாடி என்ன வண்டிங்க ஓட்டுனீங்க?” ஸ்விஃப்ட் என்றேன். “அப்பச் சரிங்க. காலை நானே பாத்துக்கறேன்” என்றார். அப்போது புரியவில்லை. முதல் செஷன் முழுக்க அவர் கண் ரோட்டைவிட அதிகமாக என் வலது காலில்தான் இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் ஒரே பாட்டு: “பிரேக்குங்க… விடுங்க… திருப்புங்க… பொறுங்க, பொறுங்க… இப்பக் குடுங்க.” அந்தப் “பொறுங்க” இரண்டு விநாடிகூட இருக்காது. ஆனால் அதைப் பொறுக்க எனக்கு இரண்டு செஷன் ஆயிற்று. இரண்டாவது செஷன் முடிவில், “மெதுவாப் போறீங்க, நல்லாப் போறீங்க. இனித் தனியாப் போங்க” என்றார். அம்மா சொல்லும் ‘பைய’யைக் காசு கொடுத்துக் கோயம்புத்தூர்த் தமிழில் கேட்டு வந்தேன்.

வண்டியின் வழுக்கல் தடுப்பு மின்னணுவை முதல் நாள் முழுக்க அணைக்காதீர்கள். என் வண்டியில் அந்தப் பட்டனை ஒரு தட்டுத் தட்டினால் கொஞ்சம் தளர்த்தும், மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் முழுதாக அணையும். அது கண் சிமிட்டுகிறதென்றால் நீங்கள் எங்கோ சிரட்டையைத் தளும்பவிட்டீர்கள் என்று அர்த்தம். அதைவிட நேர்மையான வாத்தியார் கிடையாது. அது சிமிட்டாமல் ஒரு ரவுண்டு சுற்றிவருவதைத்தான் முதல் நாள் இலக்காக வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது செஷனில், யாரும் சொல்லாமல், பிட்டை விட்டு வெளியே வந்ததும் அந்தப் பட்டனை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தேன்.

ஏன் என்று கேட்டால் பதிலில்லை. நாலு ரவுண்டு நன்றாகத்தான் போனது. ஐந்தாவதில் ஒரு நீண்ட வலது வளைவு. முந்தின ரவுண்டைவிட ஒரு நாலைந்து கிலோமீட்டர் அதிகமாக நுழைந்திருப்பேன். நடுவில் வயிறு சொன்னது, இது அதிகம் என்று. கால் தானாக மேலே வந்தது. நான் எடுத்தேன் என்றுகூடச் சொல்லமாட்டேன், அதுவாக வந்தது. அந்த நொடியில் பின்பக்கம் இலேசாகி, யாரோ பின்னாலிருந்து வண்டியின் இடுப்பைப் பிடித்துத் தள்ளிய மாதிரி வெளியே போனது. எதிர்ப்பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்பினேன், பிந்திவிட்டது. கண்ணாடியில் டிராக், புல், டிராக், பிறகு நான் வந்த வழி. பக்கவாட்டில் புல்லில் இறங்கிச் செம்மண் புழுதி மூடியது.

ஒன்று மட்டும் நினைவில் இருந்தது. காலையில் சொல்லியிருந்தார்கள்: சுழல ஆரம்பித்துவிட்டால் பிரேக்கை முழுதாக மிதி, கியர் வண்டியானால் கிளட்சையும் சேர்த்து மிதி, வண்டி முழுதாக நிற்கும்வரை விடாதே. நடுவில் விட்டால் டயருக்குத் திடீரென்று பிடி கிடைத்து, அந்த நேரம் மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் பாயும். சுவரோ, மற்ற வண்டியோ, எதுவோ அங்கே. விடாமல் பிடித்திருந்தால் பின்னால் வருகிறவருக்கும் நீங்கள் எந்தக் கோட்டில் போய் நிற்பீர்கள் என்று தெரியும். பிடித்திருந்தேன். நின்றது. புழுதி அடங்கியதும் டிராக் ஓரத்தில் நிற்கும் மார்ஷல் மஞ்சள் கொடியை ஆட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. அவர் கை காட்டும்வரை அசையாதீர்கள். வண்டியை விட்டு இறங்கவே இறங்காதீர்கள்.

சுழன்றால் நேராகப் பிட்டுக்கு வரவேண்டும் என்பது விதி. இன்ஸ்ட்ரக்டர் ஜன்னலில் குனிந்தார். என்னைப் பார்க்கவில்லை, முதலில் டாஷ்போர்டைத்தான் பார்த்தார். “லைட்டு எரியுதுங்களே” என்றார். வழுக்கல் தடுப்பு அணைந்திருப்பதைக் காட்டும் மஞ்சள் விளக்கு. நான் வாயைத் திறக்கவில்லை. “வேகம் ஒண்ணும் தப்பில்லீங்க. அந்த வளைவுல இந்த வண்டி அதவிட வேகமாவே போவும். பயந்து காலை எடுத்தீங்க பாருங்க.” பட்டனை அவரே தட்டி விளக்கை அணைத்துவிட்டு டயருக்குள் சிக்கிய புல்லைப் பிடுங்கப் போய்விட்டார்.

அப்படியானால் வளைவில் உண்மையிலேயே வேகம் அதிகமாகிவிட்டால் என்னதான் செய்வது? நாலாவது செஷனில் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைத்தான் பழகினேன். காலை எடுக்கவேண்டும், ஆனால் வாளிக்காரர் முழங்காலை மடக்குவது போல. கட்டைவிரல் கனம் அளவுக்கு, மெதுவாக. ஸ்டியரிங்கை இன்னும் திருகாமல், முடிந்தால் ஒரு நூல் தளர்த்தி. டிராக்கில் அகலம் இருக்கிறது. கொஞ்சம் வெளியே ஓடினால் ஓடட்டும். இரண்டு சக்கரம் புல்லில் இறங்கிவிட்டால் வெடுக்கென்று மேலே இழுக்காதீர்கள். நேராகப் பிடித்து, வேகம் இறங்கியபின் ஏறுங்கள். பின்பக்கம் வழுக்கத் தொடங்கியது தெரிந்தால் போகவேண்டிய திசையைப் பாருங்கள், கை தானாக அங்கே போகும். பின்பக்கம் பிடித்தவுடன் ஸ்டியரிங்கை உடனே நேராக்க வேண்டும். இதில் சோம்பினால் மறுபக்கம் வீசும், அது முதல் வீச்சைவிட மோசம்.

ஓட்டும் கோட்டுக்கு வெளியே டிராக் ஓரத்தில் சின்னச் சின்ன ரப்பர் துணுக்குகள் கிடக்கும். டயரிலிருந்து உரிந்தவை. பார்க்க அசல் ஒட்டுப்பால், மரத்தின் வெட்டில் உறைந்து ஒட்டிக்கிடக்கும் ரப்பர் மாதிரி. அதன்மேல் ஏறினால் மணல்மேல் ஏறினதுபோல் வழுக்கும், டயரிலும் ஒட்டிக்கொள்ளும். வழி விட்டு ஒதுங்கிய பிறகு திரும்பக் கோட்டுக்கு வரும்போது ஒரு வளைவாவது பைய ஓட்டுங்கள்.

செஷனின் கடைசி ரவுண்டில் பிரேக்கைக் கூடியவரை தொடாமல், காற்று பட்டு ஆறும்படி வாருங்கள். நிறுத்தியதும் கைப்பிரேக் போடாதீர்கள். சூட்டில் பேடு டிஸ்கோடு ஒட்டும். கியரை பார்க்கிங்கில் போட்டு, சக்கரத்துக்குக் கீழே ஒரு மரக்கட்டை வையுங்கள். பானெட்டைத் திறந்து வையுங்கள். ஆயில் சூடு காட்டும் முள் இறங்கும்வரை பொறுத்து எஞ்சினை அணையுங்கள். தண்ணீர் குடியுங்கள், தாகம் எடுக்காவிட்டாலும். ஐந்தாவது செஷனில் பாதியிலேயே என் கவனம் சிதறத் தொடங்கியது. பிரேக் போடும் அடையாளமாக வைத்திருந்த தார் ஒட்டைக் கவனிக்காமல் தாண்டினேன். உடனே பிட்டுக்குள் வந்துவிட்டேன். இன்னும் பத்து நிமிடம் பாக்கி இருந்தது. காசு போனால் போகிறது.

ஊருக்குக் கிளம்பும் முன் டயர் ஆறியபின் காற்றைத் திரும்ப 32க்கு ஏற்றுங்கள். சூட்டில் இறக்கிய அளவோடு நாலுவழிச் சாலையில் 400 கிலோமீட்டர் ஓட்டக் கூடாது. பேடு எவ்வளவு மிச்சம், வீல் போல்ட் இறுக்கம், டயர் தோளில் வெட்டு, இவற்றையும் பாருங்கள். ஹைவேயில் முதல் ஒரு மணி நேரம் ஸ்பீடோமீட்டரைக் கண் விடாமல் பார்த்துக்கொண்டு ஓட்டுங்கள். டிராக்கிலிருந்து வந்தவனுக்கு 100 என்பது நிற்பது மாதிரி இருக்கும்.

நான் வீடு சேரும்போது விடிகிற நேரம். பால் வெட்டும் அண்ணன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கொட்டகைக்குள் வண்டியை விட்டதும் வந்து, பின்சக்கரத்துக்கு மேலே உட்பக்கம் விளக்கைக் காட்டிப் பார்த்தார். அங்கே அப்பியிருந்த கறுப்புத் துணுக்கு ஒன்றைப் பிய்த்து, இரண்டு விரலுக்கு நடுவே உருட்டி, இழுத்து, மூக்கில் வைத்துப் பார்த்தார்.

“ஒட்டுப்பாலுதானடே? இதுக்குக் கிலோவுக்கு எவ்வளவு தருவானுவ?”